மொட்டைக்குப் பட்டன் இல்லை

போன திங்கட்கிழமை காலை ஒரு மொட்டைத் தலை என்னைத் தேடி வந்தது.

புத்தம்புது மொட்டை. பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. சக்கர நாற்காலியில் வந்து என் ஆஸ்பத்திரிக் கவுண்டருக்கு முன்னால் நின்று, "என்ன மாப்ள, அடையாளம் தெரீலயா?" என்று சிரித்தது.

குரல் தெரிந்தது. ஆள் தெரியவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் நின்ற தெய்வானை அக்காவைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அட, பொன்னுச்சாமி மாமா!

கேரள எல்லையில் இருக்கும் எங்கள் வடகரப்பதிப் பக்கம் பொன்னுச்சாமி மாமாவைத் தெரியாதவர்கள் கிடையாது. தோப்பு தோப்பாகப் போய்த் தேங்காய் உரிக்கிறவர். ஆனால் ஊருக்குத் தெரிந்தது அவருடைய மீசை. கன்னத்தைத் தாண்டிப் போய், காதுக்குப் பக்கத்தில் திரும்பி நிற்கும் மீசை. தோப்புக்குள் முதலில் மீசை வரும். கொஞ்சம் பொறுத்துதான் மாமா வருவார்.

அதையும் காணோம். மீசை இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, வீட்டுச் சுவரில் காலண்டரை எடுத்த இடம் மாதிரி இருந்தது.

"அக்கா... என்னக்கா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"பழனிக்குப் போயிட்டு வந்தமுங்க தம்பி. காலு நல்லாகோணும்னு வேண்டுதல்."

"நல்லான பொறவுதானக்கா முடி குடுப்பாங்க?"

"அதெப்படீங்க? கடைக்காரன் அட்வான்ஸ் கேக்கறான். பஸ்ஸுல ஏறுனதும் கண்டக்டர் டிக்கெட்டுக்குக் கை நீட்டறான். முருகன் மட்டும் கடனுக்குப் பண்ணோணுமா?"

சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு அக்கா நின்றிருந்தார். காலைப் பனி, பஸ்ஸில் வந்த குளிர் என்று நினைத்துக்கொண்டேன். என் கவலை வேறு. இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நான் எப்படி அனுமதி வாங்கப் போகிறேன்?

ஒரு மொட்டைக்கும் அனுமதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நான் உட்காருவது அரசு ஆஸ்பத்திரி ஒன்றில், காப்பீட்டுத் திட்டத்துக் கவுண்டரில். இல்லாதப்பட்ட குடும்பங்களுக்கு அரசாங்கம் ஒரு அட்டை கொடுத்திருக்கிறது. அந்த அட்டையோடு வந்தால் ஆபரேஷன் இலவசம். ஆனால் அதற்கு முன்னால் நோயாளியின் விவரம், டாக்டர் சீட்டு, ஸ்கேன் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்ப வேண்டும். சரிபார்த்து அனுமதி கொடுப்பார்கள். அனுமதி வந்தால்தான் ஸ்டோரிலிருந்து விலை கூடிய சாமான்கள் வெளியே வரும். ஆபரேஷன் முடிந்த பிறகு அரசாங்கம் ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்கும்.

இந்தச் சரிபார்க்கிற வேலை முன்பு எங்கள் மாவட்ட ஆபீஸிலேயே நடந்தது. இப்போது அதை ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். கம்பெனி எங்கோ தூரத்தில், பெரிய நகரத்தில் இருக்கிறது. எந்த ஊர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர்களுடைய கடிதங்களில் ஊர்ப் பெயர் இருக்காது. "அன்புடன், உதவிக் குழு" என்று மட்டும் இருக்கும்.

மாமாவுக்குச் சர்க்கரை. வலது காலில் நடுவிரல் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே ரத்தக்குழாய் அடைத்திருந்தது. பலூன் விட்டு அடைப்பை விரித்து ஸ்டென்ட் வைக்க வேண்டும். அதைச் செய்கிற டாக்டர் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதன்கிழமை மட்டும்தான் வருவார். முந்தின புதன் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தார்: "வர்ற புதன்னா விரலோட போகும். அதுக்கடுத்த புதன்னா... காலுக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

தேங்காய் உரிக்கிறவன் வேலையே நின்றுகொண்டு செய்கிற வேலை. இரண்டு காலையும் ஊன்றி, நட்டு வைத்த கம்பியில் தேங்காயைக் குத்தித் திருகவேண்டும். ஒரு காலோடு அதைச் செய்ய முடியுமா? மாமா அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, அட்டைக்காரர் இவர்தான் என்று முதலில் காட்ட வேண்டும். கைரேகை வைக்கச் சொன்னேன். இயந்திரம் எடுக்கவில்லை. எப்படி எடுக்கும்? வருஷக்கணக்காய்த் தேங்காய் நார் தேய்த்த விரல். ரேகை இருந்த இடம் வழுவழுவென்று கிடந்தது. கண்ணைப் படம் பிடிக்கும் கருவி ரிப்பேருக்குப் போய், போன இடத்திலேயே குடியிருக்கிறது. ஓடிபி? அது போகும் நம்பர், பொள்ளாச்சிச் சந்தையில் மாமா எப்போதோ தொலைத்த போனுடையது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. நேரில் ஒரு போட்டோ எடுத்து அனுப்புவது. அதை அட்டையில் உள்ள படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

அட்டையில் உள்ள படம்: அடர்ந்த முடி, மீசை, சதை வைத்த கன்னம். நான் எடுத்த படம்: மொட்டை, வெறும் உதடு, ஒடுங்கிய கன்னம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கே சந்தேகம் வந்தது. 'பழனியில் முடி காணிக்கை செலுத்தியவர்' என்று குறிப்பு எழுதி அனுப்பிவிட்டு, "நாளைக்கு வந்துரும் மாமா" என்றேன்.

"வரலைன்னாலும் பரவால்ல மாப்ள. மீசைதான் போச்சே, காலு போனா என்ன?"

"வாயக் கழுவுங்க!" என்றார் அக்கா.

செவ்வாய்க்கிழமை காலை வந்தது பதில். "படத்தில் உள்ளவரும் அட்டைதாரரும் ஒருவராகத் தெரியவில்லை. விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது."

மறுபடி எழுதினேன். விளக்கம் கொடுப்பதற்கு என்று ஒரு பெட்டி உண்டு. ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: முகத்தில் காயம், தீக்காயம், வயது மாற்றம், மங்கலான படம். மொட்டை இல்லை. 'வயது மாற்றம்' என்று போட்டு, கீழே உண்மையை எழுதினேன். பஞ்சாயத்து மெம்பரிடம் சான்று வாங்கி அதையும் சேர்த்தேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் பதில் வந்துவிட்டது. அதே வரி. அதே முற்றுப்புள்ளி. அன்புடன், உதவிக் குழு.

இவ்வளவு சீக்கிரம் பதில் வருகிறது பாருங்கள்! அதுதான் இதில் பெரிய விசேஷம்.

இங்கே நான் நியாயமாகப் பேச வேண்டும். மாவட்ட ஆபீஸில் இந்த வேலை நடந்த காலத்தில் என்ன வாழ்ந்தது? ஃபைல் மேல் ஃபைலாகக் கிடக்கும். பார்க்கிற டாக்டர் டிரெயினிங் போயிருப்பார். கிளார்க்குக்கு வீட்டில் கல்யாணம். போன் பண்ணினால், "ஸார் சீட்டில் இல்ல" என்று ஒரு குரல் மலையாளத்தில் சொல்லும். ஸார் எப்போது சீட்டில் இருப்பார் என்பது ஸாருக்கே தெரியாது. பணம் வராததால் எங்கள் ஸ்டோரில் தையல் நூல் தீர்ந்து, நோயாளியின் மகன் எதிர்க் கடைக்கு ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். கம்பெனி வந்த பிறகு அந்தத் தேக்கம் உடைந்தது. குடலிறக்கம், கண்புரை, பிரசவம் என்று வழக்கமாக வருகிற எல்லாம் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. பொய் சொல்லக்கூடாது.

முகம் பார்ப்பதும் வீம்பு இல்லை. அண்ணன் அட்டையில் தம்பி வந்து ஆபரேஷன் பண்ணிக்கொண்டு போன கதை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே நடந்திருக்கிறது. அது யாருடைய பணம்? உங்களுடையது, என்னுடையது. ஆகவே சந்தேகப்படத்தான் வேண்டும்.

போன மாதம் ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டரான எங்கள் சூப்பரண்ட் மேடம் என்னைக் கூப்பிட்டு ஒரு காரியம் சொல்லியிருந்தார். சரிபார்க்கிற வேலையோடு, ஆஸ்பத்திரிக் கவுண்டரையும் தாங்களே நடத்தித் தருவதாக அந்தக் கம்பெனி எழுதியிருக்கிறதாம். செலவு இப்போது ஆவதைவிடக் குறைவு. "நீ கவுண்டரில் இருக்குந்நவன். லாபமா, நஷ்டமா? ஒரு பக்கத்தில் எழுதித் தா" என்றார், மலையாளம் கலந்த தமிழில்.

என் வேலை சம்பந்தப்பட்டது. நான் என்ன எழுதினாலும் 'சீட்டைக் காப்பாற்றிக்கொள்ள எழுதுகிறான்' என்றுதான் யாரும் நினைப்பார்கள். நீங்களும் இப்போது அப்படி நினைக்கலாம். தாராளமாக நினையுங்கள். அந்த ஒரு பக்கத்தை நான் எழுதாமலே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் உதவி எண்ணுக்கு போன் போட்டபோது, அந்தப் பக்கத்தில் எழுத வேண்டியதைத்தான் கேட்கப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது.

மலையாளத்துக்கு ஒன்று, இங்கிலீஷுக்கு இரண்டு என்று குரல் சொன்னது. ஒன்றை அமுக்கினேன். பாட்டு. காத்திருங்கள். பாட்டு. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். பாட்டு... அப்புறம் ஒரு பெண் குரல், மலையாளத்தில் வணக்கம் சொன்னது. நான் மூச்சுவிடாமல் கதையைச் சொன்னேன். நடுவில் தமிழ் புகுந்துவிட்டது போலிருக்கிறது.

"ஸார் தமிழா?" என்றது குரல். "தமிழ்லயே சொல்லுங்க ஸார். நமக்குச் செங்கோட்டைப் பக்கம்தான்."

எனக்குத் தெம்பு வந்தது. திரும்பவும் சொன்னேன். கறுத்த விரல், புதன்கிழமை டாக்டர், பழனி, மொட்டை.

"ஸார்... எங்க அப்பாவே போன மாசம் திருச்செந்தூர்ல மொட்டை போட்டுட்டு வந்தாங்க ஸார். வாசல்ல வந்து நிக்காங்க, எங்க வீட்டு நாயே குரைக்கி. எனக்குப் புரியாதா ஸார்? ஆனா என் ஸ்கிரீன்ல ரெண்டே பட்டன்தான். 'ஒத்துப்போகுது', 'ஒத்துப்போகல'. கம்ப்யூட்டர் ஒத்துப்போகலைன்னு சிவப்பு காட்டுனா, நான் ஒத்துப்போகுதுன்னு அமுக்க முடியாது ஸார். அமுங்காது."

"உங்களுக்கு மேல யாராவது?"

"டீம் லீடர் இருக்காங்க. அவங்க ஸ்கிரீன்லயும் அதே ரெண்டுதான் ஸார்."

"அவங்களுக்கு மேல?"

"அது... யாருன்னு எங்களுக்குத் தெரியாது ஸார்."

"அவசர கேஸ்னு போட்டா?"

"அந்த லிஸ்ட்ல ஹார்ட், ஆக்சிடென்ட், டெலிவரி இருக்கு ஸார். கால் இல்ல."

அந்தப் பெண்ணிடம் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்ட ஒருவரை மாவட்ட ஆபீஸில் நான் சந்தித்ததே இல்லை. புரிந்துகொண்ட ஆளிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் இருக்கிற ஆள் யாரென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

போனை வைப்பதற்கு முன்னால் குரலைத் தாழ்த்தி அவர் சொன்னார். "ஸார், இது ரெக்கார்ட் ஆகுது. இருந்தாலும் சொல்லுதேன். ஆஸ்பத்திரித் தலைமை டாக்டர் தன் பொறுப்புன்னு எழுதிக் கொடுத்தா, ஆபரேஷனை நடத்திக்கிடலாம். அது விதியில இருக்கு. ஆனா பின்னால க்ளெய்ம் பாஸாகலைன்னா ஆஸ்பத்திரிதான் ஏத்துக்கிடணும். அப்பாவுக்கு... அந்த ஐயாவுக்கு நல்லாகட்டும் ஸார்."

வார்டுக்குப் போனேன். மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்து பெஞ்சில் தெய்வானை அக்கா, அதே முக்காடு. ஜன்னல் வழியாக நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நர்ஸ் கட்டைப் பிரித்திருந்தார். கறுப்பு, பக்கத்து விரலின் ஓரத்தைத் தொட்டிருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். அக்கா யோசித்தார்.

"தம்பி, எங்கூரு கூத்துக்காரங்ககிட்ட ஒட்டு மீசை இருக்குதுங்க. தலைக்கு டோப்பாவும் இருக்குது. போன் போட்டா பஸ்ஸுல குடுத்து உட்டுருவாங்க. ஒட்டி, ஒரு போட்டோ புடிச்சு அனுப்பிப்போடலாமுங்க."

"எந்த மீசை புள்ள?" என்றார் மாமா. "ராசா வேசத்துதா, மந்திரி வேசத்துதா? மந்திரி மீசை எனக்கு வேண்டாம். அது தொங்கும்."

"கம்முனு இருங்க. காலு கறுத்துட்டு வருது, இவுரு மீசை பாக்கறாரு."

நான் சிரிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், மனதுக்குள் பஸ் நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் போட்டோவை அனுப்பினால் பச்சை விளக்கு எரியும், அதில் சந்தேகமே இல்லை. நிஜமான பொன்னுச்சாமியை நிஜமான பொன்னுச்சாமி என்று நிரூபிக்க ஒரு பொய் மீசை! இதில் யாரை ஏமாற்றுகிறோம்? யார் பணத்தைத் திருடுகிறோம்?

ஆனால் கண்டுபிடித்தால்? அட்டை ரத்தாகும். இனி அந்தக் குடும்பத்தில் யாருக்கும் எந்த வைத்தியமும் கிடைக்காது. சுகர் இன்றோடு முடிகிற சமாசாரமா? நாளைக்கு இன்னொரு கால் இருக்கிறது. "வேண்டாங்கக்கா" என்றேன்.

அக்கா கோபப்படக்கூட இல்லை.

"படிச்சவங்க பொழப்பு நெம்பக் கஷ்டமுங்க தம்பி. நேராவும் செய்ய முடியறதில்லை, கோணலாவும் செய்ய முடியறதில்லை."

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போனவன் நான். அதனால் எங்கள் பக்கத்தில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். ரேஷன், பட்டா, பேங்க், கோர்ட்... 'அவன் படிச்சவன், பாத்துக்குவான்.' இந்த நம்பிக்கையைச் சுமப்பது பழகிவிட்டது. ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது, அம்மா வாசலிலேயே நின்று, "பொன்னுச்சாமி காலு என்னாச்சு? பேப்பர் வந்துருச்சா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். "நீ அங்கதான இருக்கற?" என்றார்.

அம்மா கணக்கில் அது சரிதான். நான் அங்கே இருந்தால் வந்துவிட வேண்டும்.

புதன்கிழமை காலை. ரத்தக்குழாய் டாக்டரின் கார் வந்துவிட்டது. ஆபரேஷன் பட்டியலில் மாமாவின் பெயர் கடைசியில், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. மத்தியானத்துக்குள் ஸ்டோரில் இருந்து சாமான் வராவிட்டால் அந்தப் பெயரை அடித்துவிடுவார்கள்.

சூப்பரண்ட் மேடம் அறைக்குள் போனேன். மேசைமேல் அந்தக் கம்பெனிக் கடிதம்தான் இருந்தது. நான் எழுதித்தர வேண்டிய பக்கத்தைத்தான் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துக் கையை நீட்டினார். நான் மாமாவின் ஃபைலை வைத்தேன்.

மேடம் முழுவதையும் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஞான் எழுதித் தரலாம். ஆனா தம்பி, நாளைக்கு அவர் இல்லா, வேற ஆள்னு தெளிஞ்சா? ஆஸ்பத்திரி மொத்தமும் ஸ்கீமிலிருந்து வெளியே. டயாலிசிஸ்காரங்க எங்க போவாங்க? நீ சொல்லு, இது ஒறப்பா அதே ஆளா?"

"அதே ஆள்தான் மேடம். எனக்குத் தெரியும்."

"அவருக்குச் சகோதரன் உண்டா?"

உண்டு. தம்பி ஒருத்தர். அதே உயரம், அதே உடம்புவாகு. மீசை மட்டும் கிடையாது.

"...உண்டு மேடம்."

மேடம் எழுந்துவிட்டார். "வா, பார்க்கலாம்."

வார்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாமா கண்ணை மூடிப் படுத்திருந்தார். காய்ச்சல் ஏறத் தொடங்கியிருந்தது. மேடம் கட்டில் அருகே நின்று, அட்டையைப் பார்த்தார்; ஆளைப் பார்த்தார்; மறுபடி அட்டை. அக்காவிடம் திரும்பினார்.

"இது உங்க ஹஸ்பெண்ட் தன்னே?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. "என்னுங்க மேடம் கேள்வி?"

"கோபப்படக் கூடாது. இது அவரோட தம்பின்னு ஒரு ஆள் சொன்னா, நான் என்ன பதில் சொல்ல?"

"கொழுந்தனாருக்குக் காலு அழுகுனா அவரு பொண்டாட்டி வந்து இந்தப் பெஞ்சுல கெடப்பாளுங்க. நான் என்னத்துக்குங்க கெடக்கோணும்?"

அது போதாது என்பது மேடம் முகத்தில் தெரிந்தது. பெஞ்சில் யார் வேண்டுமானாலும் கிடக்கலாம். டாக்டர் தியேட்டருக்குள் போய்விட்டார் என்று ஒரு நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா எழுந்தார். தலைமேல் இருந்த சேலைத் தலைப்பைப் பிடித்தார். இரண்டு நாளாக விலகாத முக்காடு. இழுத்துத் தோளில் போட்டார்.

மொட்டை.

இடுப்புவரை பின்னல் போட்ட அக்கா. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் எல்லோரையும்விட நிறையப் பூ வைக்கிற அக்கா. தலையில் சந்தனம்கூட இல்லை. யார் கண்ணிலும் படக் கூடாதென்று அன்றைக்கே கழுவிவிட்டிருக்கிறார்.

"இவுருக்கு மட்டுந்தான் போடறதா இருந்துதுங்க. அங்க போயி உக்காந்த பொறவு, ஒரு தலை பத்துமான்னு எனக்குச் சந்தேகமாப் போச்சு. அதனால என்றதையும் குடுத்துப்போட்டேன்." குரல் உடையவில்லை. "கொழுந்தனாரு காலுக்கு எவளாச்சும் முடி எறக்குவாளாங்க மேடம்? நீங்களே சொல்லுங்க."

மாமா கண்ணைத் திறந்திருந்தார். அவருக்கும் அந்தத் தலையைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது போலிருக்கிறது. "மூடிக்க புள்ள, மூடிக்க" என்று மட்டும் சொன்னார்.

மேடம் என் கையில் இருந்த ஃபைலை வாங்கினார். கட்டில் விளிம்பில் வைத்து, நின்ற நிலையிலேயே, 'என் பொறுப்பில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ஓடு" என்றார்.

ஓடினேன். நான் படித்த படிப்பு அத்தனையும் அந்த வராந்தாவில் என் காலுக்கு வந்துவிட்டது.

மத்தியானத்துக்கு மேல் டாக்டர் வெளியே வந்தார். கறுத்த விரலையும் பக்கத்து விரலையும் எடுத்திருந்தார். மற்றதெல்லாம் சூடாக இருக்கிறது, ரத்தம் ஓடுகிறது என்றார். சூடு என்ற சொல் இவ்வளவு நல்ல சொல்லா? அக்கா போய் மாமாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். கையை எடுக்கவே இல்லை.

"முருகன் ஏத்துக்கிட்டானுங்க தம்பி" என்றார். அப்புறம், "கம்பெனி?"

நல்ல கேள்வி.

அன்று மாலையே அந்த ஒரு பக்கத்தை எழுதிவிட்டேன். டைப் அடிக்கிறது, படம் ஏற்றுகிறது, கணக்குப் பார்க்கிறது எல்லாவற்றையும் வெளியே கொடுங்கள். என்னைவிட வேகமாகச் செய்வார்கள். ஆனால் வழக்கத்துக்கு மாறாக ஒன்று வந்தால், அதை நேரில் வந்து பார்த்து 'சரி' என்று சொல்கிற அதிகாரத்தோடு ஒரு ஆளை இந்த மாவட்டத்தில் உட்கார வையுங்கள். அவருக்கு ஒரு பெயர் இருக்கட்டும், ஒரு போன் இருக்கட்டும். இல்லாவிட்டால் செலவு குறைந்ததாகத் தெரியும். அப்படிக் குறைத்த செலவை சூப்பரண்ட் மேடம் தன் கையெழுத்திலும், தெய்வானை அக்கா தன் தலையிலும் கட்டிக்கொண்டிருப்பார்கள். வேலை வெளியே போய்விட்டது. பொறுப்பு இங்கேயே உட்கார்ந்திருக்கிறது. இந்தச் செலவு எந்த ஒப்பந்தத்திலும் இல்லை.

மேடம் படித்தார். "ஆள் வெச்சா அதுக்குக் கம்பெனி வேற ரேட் கேக்கும்" என்றார்.

"கேக்கட்டும் மேடம். அப்பத்தான் நிஜமான செலவு தெரியும்."

மேடம் சிரிக்கவில்லை. ஆனால் அந்தக் கம்பெனிக் கடிதத்தின் ஓரத்தில் பேனாவால், 'மாவட்டத்தில் ஆள்? யார்?' என்று எழுதி, இரண்டு கோடு போட்டார். கமிட்டி என்ன முடிவு எடுக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த இரண்டு கோட்டை அவர்கள் படிப்பார்களா என்பதும் தெரியாது.

நேற்று கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. ஆபரேஷன் நடந்ததைப் பதிவு செய்துகொண்டார்களாம். பணம் விடுவிக்க, அட்டைப் படத்தோடு ஒத்துப்போகும் புதிய போட்டோ ஒன்று அனுப்ப வேண்டுமாம். அன்புடன், உதவிக் குழு.

ஊர் திரும்பிவிட்ட அக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். மாமா உடனே கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். ஆகவே, அன்பர்களே, இன்றைய நிலவரம் இதுதான்: ஒரு அரசாங்கத் திட்டத்தின் கணக்கு முடிய, வடகரப்பதியில் ஒரு மீசை முளைத்தாக வேண்டும்.